அக்காவின் அடுக்களையை நான் இரண்டு முறை இடித்தது

‘அதெல்லாம் ஓடும்’ என்று ஒருவர் தைரியமாகச் சொன்னால், அந்த வேலையைச் செய்யப்போகிறவர் அவர் இல்லை என்று அர்த்தம். இதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. (பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. அதற்குப் பிறகு ஐ.டி.ஐ.யில் மரவேலை படித்தேன். அங்கே புத்தகம் தொலைந்துபோனால் யாரும் கேட்க மாட்டார்கள். உளி தொலைந்தால்தான் கேட்பார்கள்.) இந்த உண்மையை எனக்குக் கற்றுத்தந்தவர் உங்கள் கண்ணன் மாமா. அவர் கற்றுத்தந்ததற்கு விலை கொடுத்தவள் என் அக்கா, அதாவது உங்கள் ஈஸ்வரி அத்தை.

மக்களே, அப்போது நீங்கள் இரண்டு பேரும் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். சுசீந்திரத்தில் என் பட்டறை இப்போது இருக்கிற அதே இடத்தில்தான் இருந்தது. ‘மாடுலர் கிச்சன்’ என்று போர்டு வைத்திருந்தேன். ஊரில் என்னவோ ‘பிளைவுட் அலமாரி அடிக்கிற முருகன்’ என்றுதான் சொன்னார்கள். அந்த வருத்தம் எனக்கு உண்டு. நாகர்கோவிலில் பெரிய கடைகளில் எல்லாம், உங்கள் அடுக்களை எப்படி வரும் என்று முன்கூட்டியே டிவியில் காட்டுகிறார்கள். கதவு திறக்கிறது, விளக்கு எரிகிறது, நாம் உள்ளே நடந்துபோவது மாதிரி படம் போகிறது. நானும் விடவில்லை. சாயங்கால வகுப்புக்குப் போய் அதைப் படித்தேன். அந்த டிசைன் சாஃப்ட்வேரை முறையாக வாங்கி, பட்டறையில் இருந்த பழைய பெட்டிக் கம்ப்யூட்டரில் போட்டேன். ஓடியது. நானும் ஒரு டிசைனர் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்பு ஒரு மழைக்காலம் வரை இருந்தது. பிறகு கம்ப்யூட்டருக்குள் ஒரு பல்லி போனது. பல்லி தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் விழுந்தால் என்ன பலன் என்று போடவில்லை. ‘டப்’ என்று ஒரு சத்தம்தான் பலன்.

அப்போதுதான் கண்ணன் மாமா கல்ஃபிலிருந்து லீவில் வந்தார். அவர் பழைய லேப்டாப்பை எனக்குக் கொடுத்தார். வெள்ளி நிறம். ஆப்பச்சட்டி மூடி கனம்கூட இல்லை. தொட்டால் சில்லென்று இருந்தது. (அது எத்தனை நாளைக்கு என்று அப்போது தெரியாது.)

"மாப்ளே, இதுல நம்ம டிசைன் சாஃப்ட்வேர் ஓடுமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஓடும் அத்தான்," என்றார்.

அவர் விமானம் ஏறிப் போன பிறகு நான் அதைப் போட்டேன். ‘இந்தக் கம்ப்யூட்டரில் இது ஓடாது’ என்று எழுத்து வந்தது. கோபமாகக்கூட இல்லை, மிகவும் மரியாதையாக வந்தது. போன் போட்டேன்.

"ஓ, அது வேற வகை கம்ப்யூட்டர்லா அத்தான்? உள்ள இருக்க மூளையே வேற. நேரா ஓடாது. உள்ளுக்குள்ள ஒரு பொய்க் கம்ப்யூட்டர் உண்டாக்கணும். அந்தப் பொய்க் கம்ப்யூட்டர், ‘நாந்தான் உன் பழைய கம்ப்யூட்டர்’னு உங்க சாஃப்ட்வேர்ட்ட நடிக்கும். அது நம்பிக்கிடும். ஓடும்."

அவர் போனில் சொல்லச் சொல்ல அதையும் உண்டாக்கினேன். இது எப்படி என்றால், மக்களே, நம் ஊர்ப் பந்தலில் வடநாட்டுப் பெரியவர் ஒருவர் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு வரி சொல்லுவார். பக்கத்தில் நிற்கிறவர் அதைக் கேட்டு, யோசித்து, தமிழில் சொல்லுவார். நாம் பதில் சொன்னால், அதை அவர் திரும்ப இந்தியில் சொல்லுவார். ‘பந்தல் தீப்பிடிச்சாச்சு, ஓடுங்க’ என்பதைக்கூட மொழிபெயர்த்து முடித்த பிறகுதான் ஓட முடியும். என் லேப்டாப்புக்குள் நடந்தது அதுதான். நான் ஒரு கோடு போடச் சொல்லுவேன். சாஃப்ட்வேர் தன் பாஷையில் அதைச் சொல்லும். நடுவில் இருக்கிற பொய்க் கம்ப்யூட்டர் அதை மொழிபெயர்க்கும். நிஜக் கம்ப்யூட்டர் கேட்டு, வேலை செய்து, பதில் அனுப்பும். அதையும் மொழிபெயர்க்க வேண்டும். அதற்குள் நான் என்ன கோடு கேட்டேன் என்பது எனக்கே மறந்துபோயிருக்கும்.

அது மட்டுமா? அந்த சாஃப்ட்வேர் கேட்கிற பொத்தான்களில் பாதி இந்த லேப்டாப்பில் கிடையாது. எழுத்தெல்லாம் கடுகு மாதிரி தெரிந்தது. ஒரு அலமாரிக் கதவுக்கு மர நிறம் கொடுத்தால் ஊதா நிறத்தில் வந்தது. அரைமணி நேரம் வேலை செய்தால் லேப்டாப்பின் அடிப்பக்கம் சுட்டது. ஒரு தடவை அதை மடியில் வைத்துவிட்டு நான் எழுந்த வேகத்தைப் பார்த்து உங்கள் அம்மா, "தேள் கடிச்சா?" என்று ஓடி வந்தாள். அதற்குப் பிறகு அதை ஒரு பலகை மேல் வைத்து, டேபிள் ஃபேனை அதன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தேன். காற்று லேப்டாப்புக்கு, வேர்வை எனக்கு.

"இஞ்ச பாருங்கோ, மனுசனுக்கு இல்லாத ஃபேன் அந்தத் தகட்டுக்கா?" என்றாள் உங்கள் அம்மா.

"அது யோசிக்குது. சூடாவும்."

"நீங்க யோசிச்சிருந்தா அது சூடாவாது."

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். பென்சிலை எடுத்து, தாளில் வரைந்து, பலகையை அறுத்திருக்கலாம். ஆனால் அக்கா வீட்டில் நான் ஏற்கெனவே ஒரு காரியம் செய்துவிட்டிருந்தேன்.

அக்கா வீடு பழைய வீடு. அடுக்களை கொஞ்சம் இருட்டு, புகை பிடித்த சுவர். மகன் தாணுவுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். வருகிற மருமகளுக்காகப் புது அடுக்களை வேண்டும் என்று அக்கா என்னிடம் சொன்னாள். நான் தாய்மாமன். நம் வீட்டு வேலை. நாகர்கோவில் கடைக்காரர்களைவிட ஒரு படி மேலே செய்து காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. "பழைய மேடையை இடிச்சாத்தான் அளவு சரியாட்டு கிடைக்கும்," என்று சொல்லி, ஒரே மத்தியானத்தில் மேடையையும் ஒரு குட்டைச் சுவரையும் இடித்துப் போட்டேன். (இடிப்பதற்கு எந்த சாஃப்ட்வேரும் தேவைப்படவில்லை. சும்மா ஓடியது.)

அன்றிலிருந்து அக்கா புறவாசலில் ஒரு தகரக் கூரைக்கு அடியில் செங்கல் அடுப்பு கூட்டிச் சமைத்தாள். அன்றிலிருந்து எனக்கு தினமும் போன் வந்தது.

"ஏலே முருகா, பலகை அறுத்தியா?"

"இல்லக்கா, படம் வரைஞ்சுக்கிட்டு இருக்கேன்."

"படமா? நா உன்கிட்ட அடுக்களை கேட்டேனா, படம் கேட்டேனா?"

"படம் வந்தாத்தான்க்கா அடுக்களை வரும்."

"அப்பம் ரசத்தையும் படத்துல வரைஞ்சு உங்க அத்தானுக்குக் குடு. மனுசன் தெனமும் பொகை வாடையில சோறு திங்காரு."

அத்தான், அதாவது அக்காவின் கணவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் பதறமாட்டார். பின்னால் இருந்து அவர் குரல் கேட்கும்: "வண்டி வரும், வரும். ஸ்டாப்ல நில்லு ஈஸ்வரி."

வண்டி வரவில்லை. பெண் வீட்டார்தான் வந்தார்கள்.

தாணுவுக்கு அதற்கு முன்னால் வந்த இடங்கள் சாதகத்தில் தட்டிப்போயிருந்தன. சிதறால் பக்கத்திலிருந்து வந்த இந்த இடத்தில் சாதகமும் பொருந்தி, பெண்ணுக்கும் பையனுக்கும் பிடித்தும் போனது. ரம்யா என்று பெயர். இனி வீடு காண வருவது ஒன்றுதான் பாக்கி. பெண் வீட்டுப் பெரியவர்கள் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டுப் போனால் தாம்பூலம் மாற்றிவிடலாம். அடுத்த மாதம் வருவதாகச் சொன்னவர்கள், நாள் நன்றாக இருக்கிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

அக்கா போனில் அழுதாள். சண்டை போட்டால் எனக்குப் பழக்கம் உண்டு. அழுததும் எனக்குக் கை கால் ஓடவில்லை.

"எல்லா வீட்டுலயும் மொதல்ல அடுக்களையத்தாலே பாப்பாங்கோ. நா எதைக் காட்டுவேன்? கல்லும் மண்ணுமாக் கெடக்கே. இந்த இடமும் போச்சுன்னா எம்பிள்ளைக்கு நா என்னலே பதில் சொல்லுவேன்?"

"அக்கா, நீ பேடிக்காத, ஒண்ணும் பயப்பட வேண்டாம். படம் முக்கால்வாசி வந்தாச்சு. டிவியில காட்டிரலாம்."

அவள் பேசவே இல்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். (அது மயக்கம் என்று பிற்பாடு அத்தான் சொன்னார்.)

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வேன் வந்து நின்றது. வீடு காண வருகிறவர்கள் ஒற்றைப்படையில் வர வேண்டும் என்பது வழக்கம். அவர்கள் கிளம்பும்போது இரட்டைப்படை ஆகிவிட்டதால் டிரைவரையும் சேர்த்து எண்ணிக்கொண்டு வந்திருந்தார்கள். அதனால் அவரும் வேனில் இருக்காமல் பெரிய மனிதர் மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்தார். பெண்ணின் அப்பா, அம்மா, சித்தப்பா, சித்திமார் எல்லாரும் இருந்தாலும், அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் பெண்ணின் பெரிய அத்தை. பெண்ணின் அப்பாவுக்கு மூத்த அக்கா. கமலம்மா என்று பெயர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, எதையும் தொட்டுப் பார்த்துத்தான் நம்புகிற ஆள். வந்ததும் ஜன்னல் கம்பியைத் தட்டிப் பார்த்தார். கதவுத் தாழைத் தள்ளிப் பார்த்தார். கிணற்று வாளியைத் தூக்கிப் பார்த்தார். "கொள்ளாம்," என்று திருப்தியாகத் தலையாட்டினார்.

முந்திரிக்கொத்தும் மட்டிப்பழமும் சாயாவும் வந்தன. கடைசியில் கேள்வியும் வந்தது.

"அடுக்களை எங்கயாக்கும்?"

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

"அடுக்களை புதுசாட்டு செய்யிறோம்," என்று நான் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டேன். "எப்படி வரப்போகுதுன்னு இப்பம் இந்த டிவியில, நீங்க உள்ள நடந்துபோற மாதிரியே காட்டுகேன்."

எல்லாருக்கும் சந்தோஷம். வேடிக்கை பார்க்க வந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். கூடத்தில் இடம் போதவில்லை. அத்தானுக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. "முன்னால எடம் இருக்கு, உள்ள போங்கோ, வழியில நிக்காதீங்கோ," என்று எல்லாரையும் நெருக்கினார்.

லேப்டாப்பை டிவியோடு சேர்த்தேன். ஃபேனைத் திருப்பினேன். பெண்ணின் அம்மாவுக்கு வீசிக்கொண்டிருந்த காற்று லேப்டாப்புக்குப் போனது. அவர் முந்தானையால் விசிறிக்கொண்டார்.

சாஃப்ட்வேர் திறந்தது. திறந்துகொண்டே இருந்தது. ஒரு சின்ன வட்டம் சுற்றியது. முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, "இதாக்கும் அடுக்களையா?" என்று வட்டத்தைக் காட்டிக் கேட்டது. கமலம்மா இன்னொரு மட்டிப்பழத்தை உரித்தார். அவர் அதைத் தின்று முடித்து, தோலை எங்கே போடுவது என்று தேடி, போட்டு, கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு படம் வந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தது. சுவர், மேடை, மேலே அலமாரிகள். கதவுகள் ஊதா நிறத்தில் இருந்தன. "இப்பம் எல்லாரும் இந்தக் கலர்தான் கேக்காங்க," என்று சமாளித்தேன். அக்கா முகத்தில்கூட ஒரு சின்ன வெளிச்சம். எனக்குத் தைரியம் வந்தது. இடப்பக்கம் திரும்பிக் காட்ட ஒரு தட்டுத் தட்டினேன். படம் மெதுவாக, தேர் திரும்புகிற மாதிரி, நின்று நின்று திரும்பியது.

கமலம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் போட்டார். "எல்லாம் நல்லாட்டு இருக்கு. அடுப்பு எங்க?"

பார்த்தேன். அடுப்பு இல்லை. முந்தின நாள் வைத்த கேஸ் அடுப்பு படத்தில் வந்து சேரவே இல்லை. அடுப்பு இல்லாத அடுக்களையைக் கொண்டுபோய்ப் பெண் வீட்டாருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

"இப்பம் வச்சிரலாம்," என்றேன். பட்டியலில் இருந்து கேஸ் அடுப்பை எடுத்து, மேடை மேல் வைத்துத் தட்டினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொரு தடவை தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் தள்ளித் தட்டினேன். எல்லாரும் டிவியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வேர்த்து ஊற்றுகிறது. அங்கே தட்டினேன், இங்கே தட்டினேன், வேகமாகத் தட்டினேன், வேண்டிக்கொண்டு தட்டினேன்.

மக்களே, அந்தப் பொய்க் கம்ப்யூட்டருக்கு ஒரு குணம் உண்டு. சொன்னதை உடனே செய்யாது. ஆனால் சொன்னது எதையும் மறக்காது.

ஃபேன் சத்தத்தையும் மீறி லேப்டாப் ஒரு தடவை மூச்சு விட்டது. டிவியில் ஒரு அடுப்பு வந்தது. எல்லாரும் "ஆ!" என்றார்கள். பக்கத்தில் இன்னொரு அடுப்பு வந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மேடை நிரம்பியது. பிறகு தரையில் ஒரு அடுப்பு. ஜன்னலில் ஒரு அடுப்பு. பாத்திரம் கழுவும் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு அடுப்பு. அடுப்புக்கு மேல் ஒரு அடுப்பு. நடுவில் காற்றில், எதையும் பிடிக்காமல், இரண்டு அடுப்புகள் தொங்கின. முன்வரிசைப் பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒவ்வொரு அடுப்பு வரும்போதும் ஒரு தடவை.

பெரியவர்கள் யாரும் கைதட்டவில்லை.

பெண்ணின் அம்மா தன் கணவர் பக்கம் சாய்ந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "என்ன இது? ஒரு குடும்பத்துக்கு இத்தற அடுப்பா? நம்ம பிள்ளைக்கு சாயா போடத்தான் தெரியும்."

"மாப்பிள்ளைக்குப் பேங்க் வேலைன்னு சொன்னாங்களே," என்றார் பெண்ணின் அப்பா. பிறகு சத்தமாகவே கேட்டார்: "அண்ணாச்சி, ஒளிக்காம சொல்லணும். உங்க வீட்டுல சமையல் கான்ட்ராக்ட் ஏதும் உண்டோ? கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யிதியளோ?"

அத்தான் வாயைத் திறந்தார். நாற்பது வருஷமாகக் கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தவர். "ரைட்," என்று மட்டும் சொன்னார். அதை அவர்கள் ‘ஆமாம்’ என்று எடுத்துக்கொண்டார்கள்.

"இல்ல, இல்ல! கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவாக்கும்!" என்று நான் கத்தினேன். "இப்பம் எல்லாத்தையும் எடுத்திருகேன்." கடைசியாகச் செய்ததை அழிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. அதைத் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள், அப்பா, பேசாமல் இரு என்று. நீங்கள் புத்திசாலிகள். நான் மறுபடியும் தட்டினேன். அடுப்புக்கு ஒன்று என்று கணக்குவைத்துத் தட்ட எனக்கு எங்கே நிதானம்? தாயக்கட்டையை உருட்டுகிற மாதிரித் தட்டித் தள்ளினேன்.

லேப்டாப் மறுபடி மூச்சு விட்டது.

அடுப்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. காற்றில் தொங்கியவை முதலில் போயின. தரை காலியானது. மேடையில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. "இன்னா, பாத்தியளா!" என்று எழுந்தேன். அந்த ஒன்றும் போனது. பிறகு ஒரு அலமாரிக் கதவு போனது. அடுத்த கதவு போனது. அலமாரிகள் போயின. தண்ணீர்த் தொட்டி போனது. மேடை போனது. நான் "நில்லு, நில்லு" என்று லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டேன், ஓடுகிற ஆட்டைப் பிடிக்கிற மாதிரி. ஒரு சுவர் போனது. மறு சுவர் போனது. தரை போனது. டிவியில் ஒரு வெள்ளை வெளி மட்டும் இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சின்ன அம்புக்குறி, என்னை மாதிரியே, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது.

ஏற்கெனவே ஒரு தடவை இடித்த அடுக்களையை, ஊர் பார்க்க, இரண்டாவது தடவையும் இடித்துவிட்டேன்.

வேன் டிரைவர்தான் முதலில் பேசினார். "படம் முடிஞ்சா?"

அக்கா எழுந்தாள். டிவியின் பிளக்கைப் பிடுங்கினாள். பிடுங்கின வேகத்தில் ஃபேனும் நின்றது. "எல்லாரும் வாருங்கோ," என்றாள். "உள்ளத உள்ளபடி காட்டுகேன்." கூடத்தைத் தாண்டி, நான் இடித்துப்போட்ட கல் குவியலைத் தாண்டி, புறவாசலுக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் கடைசியில் போனேன். இனிமேல் கெட என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

இருந்தது. அன்றைக்கு விருந்து. இத்தனை பேருக்கும் மத்தியானச் சாப்பாடு. அக்கா அதிகாலையிலேயே செங்கல்லை அடுக்கி, தகரத்துக்கு அடியில் வரிசையாக அடுப்பு மூட்டியிருந்தாள். ஒன்றில் சோறு, ஒன்றில் பருப்பு, ஒன்றில் அவியல், ஒன்றில் தீயல், ஒன்றில் எரிசேரி, கடைசியில் உருளியில் பாயாசம். ஆறும் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தன.

டிவியில் அடுப்புகளைப் பார்த்துப் பயந்தவர்கள், நிஜமாகவே வரிசையாக எரிகிற அடுப்புகள் முன்னால் நின்றார்கள்.

"அப்பம் சமையல் கான்ட்ராக்ட் சங்கதி உள்ளதாக்கும்," என்றார் பெண்ணின் அப்பா. பெண்ணின் அம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். பை தோளுக்குப் போய்விட்டால் கிளம்புகிறார்கள் என்று அர்த்தம்.

அப்போது அக்கா வெடித்தாள். வந்தவர்கள் மேல் கோபம் இல்லை, என் மேல்தான். என்னைக் கையால் காட்டி, அவர்களிடம் சொன்னாள்.

"இன்னா நிக்கானே, இவன் எங்கூடப்பொறந்த தம்பியாக்கும். ‘அக்கா, அளவு எடுக்கணும்’னு வந்தான். அளவு எடுக்க வாறவன் கடப்பாறையோட வருவானா? நா கேக்கல்ல. தம்பில்லா! மத்தியானம் உண்ட சோறு செமிக்கதுக்குள்ள அடுக்களைய இடிச்சுப் போட்டான். அன்னைக்கு இருந்து மழையிலயும் வெயில்லயும் இந்தத் தகரத்துக்கு அடியில கெடக்கேன். கேட்டா படம் வரையுதானாம். எந்தப் படம்? நீங்க இப்பம் பாத்தியளே, அந்தப் படம்! சமையல் கான்ட்ராக்ட்டான்னு கேக்கியோ? எனக்கு வீட்டுக்குள்ள ஒரு அடுப்பு இல்லியே அம்மா, ஒரு அடுப்பு!"

சொல்லி முடித்ததும் கண்ணைத் துடைத்தாள். புகையா, அழுகையா என்று தெரியவில்லை.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே ஒரு எறும்பு போய்க்கொண்டிருந்தது. அதற்கு இருந்த நிம்மதி எனக்கு இல்லை.

கமலம்மா அக்காவையே பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, தன் தம்பியை, அதாவது பெண்ணின் அப்பாவை, மேலும் கீழும் பார்த்தார்.

"எனக்கும் ஒண்ணு உண்டு," என்றார்.

"அக்கா, இப்பம் அது எதுக்கு?" என்றார் பெண்ணின் அப்பா.

"நீ மிண்டாத இரு. ஈஸ்வரி, கேளு. எங்க கெணத்து மோட்டார் நல்லாத்தான் ஓடிச்சு. ‘அக்கா, இதுல ஒரு சின்ன சத்தம் வருது, நா செரியாக்குகேன்’னு கழட்டினான். போன ஓணத்துக்குக் கழட்டினது. இப்பமும் துண்டு துண்டாட்டு சாக்குல கெடக்கு. நா வாளி போட்டுக் கோருகேன்."

"சாமான் கெடைக்கல்ல அக்கா."

"இவனும் அதத்தான் சொல்லுவான்!" என்று அக்கா என்னைக் காட்டினாள்.

"எல்லாவனும் அதத்தான் சொல்லுவானுவ," என்றார் கமலம்மா. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தீயல் சட்டிக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, கரண்டியால் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். "கொள்ளாம். இந்தப் பொகையில இருந்து இப்படி ஒரு தீயல் வைக்கிற வீட்டுக்குப் பிள்ளையக் குடுக்கலாம்." பெண்ணின் அம்மாவைப் பார்த்து, "பையக் கழட்டி வை," என்றார். பை தோளிலிருந்து இறங்கியது. அதோடு என் உயிரும் பழைய இடத்துக்கு இறங்கியது.

பெண்ணின் அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அன்றைக்கு எனக்கு ஆறுதல் சொன்னது அவர் ஒருவர்தான்.

இலை போட்டுச் சாப்பிட்டுக் கிளம்பும்போது கமலம்மா என்னைக் கூப்பிட்டார். "கல்யாணம் கழிஞ்சு நாங்க அடுக்களை காண வருவோம்." நம் பக்கத்தில் அது ஒரு சடங்கு என்று உங்களுக்குத் தெரியும். பெண் வீட்டுப் பெண்கள் பாத்திரம் பண்டங்களோடு வந்து, தங்கள் பிள்ளை சமைக்கப்போகிற இடத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். "அப்பம் அங்க அடுக்களை இருக்கணும். படம் வேண்டாம். நீ இந்தச் சாமானோட மல்லுக்கெட்டின நேரத்துக்கு நாலு அடுக்களை கெட்டியிருக்கலாம்."

மறுநாள் லேப்டாப்பை மூடி உங்கள் அம்மாவிடம் கொடுத்தேன். (நீங்கள் அப்புறம் அதில்தான் கார்ட்டூன் பார்த்தீர்கள். அந்த வேலையை அது மிக நன்றாகச் செய்தது. அதன் மேல் தப்பே இல்லை. அதன் வேலை வேறு, நான் கேட்ட வேலை வேறு.) அக்கா வீட்டுக்குப் போய்ப் பென்சிலை எடுத்து, சுவரிலேயே கோடு போட்டேன். போட்டதும் கோடு விழுந்தது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் தேவையில்லாமல் இன்னும் நாலைந்து கோடு போட்டேன். அக்கா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் போனை எடுத்தால்கூட, "அது எதுக்கு? கீழ வை," என்றாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே அடுக்களை முடிந்தது. மர நிறக் கதவு, நல்ல வெளிச்சம், அடுப்பு ஒன்று. ஒன்றே ஒன்று. பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வராத இடத்தில், மேடைக்கு நட்டநடுவில்.

சொன்ன மாதிரி பெண் வீட்டுப் பெண்கள் அடுக்களை காண வந்தார்கள். அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பெருமையாக நின்றாள். புதுப்பெண் ரம்யா அவளுக்குப் பக்கத்தில். நான், வேலை செய்தவன் என்ற முறையில், கொஞ்சம் முன்னால் நின்றேன். கமலம்மா உள்ளே வந்தார். மேடையைத் தட்டிப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். தலையை ஆட்டினார். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு குனிந்து முதல் அலமாரிக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். மூடினார். அடுத்த கதவைத் திறந்து பார்த்தார். மூடினார். மூன்றாவது, நான்காவது. மேலே இருந்ததையும் விடவில்லை, எக்கித் திறந்தார். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தலையையே விட்டுப் பார்த்தார். கதவு சரியாக மூடுகிறதா என்று பார்க்கிறார் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன அத்தே தேடுகியோ?" என்று ரம்யா கேட்டாள்.

"மிச்ச அடுப்பெல்லாம் எங்க ஒளிச்சு வச்சிருக்கான்னு பாக்கேன்," என்றார் கமலம்மா.

அன்றைக்கு அந்த அடுக்களையில் எழுந்த சிரிப்பில் புதுக் கதவுகள் எல்லாம் ஆடின. அக்காதான் அதிகம் சிரித்தாள். மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து நம் குடும்பத்தில் யார் எதைத் திறந்தாலும் அதே கேள்விதான். பீரோவைத் திறந்தால், "அடுப்பு இருக்கா பாரு." ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினால், "அடுப்பு இருக்கா பாரு." கண்ணன் மாமா லீவில் வந்து பெட்டியைத் திறக்கும்போது எல்லாரும் சேர்ந்து சொல்லுகிறோம். (அவருக்கு அது வேண்டும்.) நீங்கள் இரண்டு பேரும் பிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் சொல்லுகிறீர்கள். எதற்காகச் சொல்லுகிறோம் என்று தெரியாமலே சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறீர்கள். போன வாரம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் அலமாரியைத் திறந்தபோதும் சொல்லியிருக்கிறீர்கள். அவர் என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். அதனால்தான் இவ்வளவும் எழுதினேன். இப்போது காரணம் தெரிந்துவிட்டது. இனிமேல் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததை உங்கள் அம்மா வாங்கிப் படித்தாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. "நல்லா எழுதியிருக்கியோ. பிள்ளைகளுக்குப் புரியும்," என்றாள். எனக்குத் திருப்தியாக இருந்தது. தாளை எல்லாம் அடுக்கி, பத்திரமாக வைக்க மேஜை டிராயரைத் திறந்தேன்.

"அடுப்பு இருக்கா பாருங்கோ," என்றாள்.